திரியெஸ்தே: துறைமுகமும் எல்லையும்

துறைமுக நகரங்கள் கடலால் வாழ்வன என்பர். ஆயின், அவற்றிற்குக் கடலைப் போலவே பின்னிலமும் உயிர்நிலை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். உள்நாட்டுச் சந்தைகள் கைவிடின், எத்துணை ஆழமான துறையும் வறிதே கிடக்கும். இத்தாலியின் வடகீழ்க் கோடியில், அதிரியாதிக் கடலோரத்தே அமைந்த திரியெஸ்தே நகரின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

வெனிஸ் நகரின் வலிமைக்கு அஞ்சிய திரியெஸ்தே மக்கள், 1382-ஆம் ஆண்டில் ஆஸ்திரியக் கோமகனின் காவலை நாடினர். அதன் பெரும்பயன் நெடுங்காலம் கழித்தே விளைந்தது. 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் அதனைச் சுங்கவரியற்ற துறையாக அறிவித்தார். அவர் மகள் மரியா தெரேசாவின் ஆட்சியில், பழைய உப்பளங்கள் இருந்த இடத்தில் புதுநகர் ஓங்கியது. இத்தாலியரோடும் ஸ்லோவேனியரோடும் கிரேக்கரும் செர்பியரும் யூதரும் ஜெர்மானியரும் வந்து கலந்தனர். 1833-இல் ஆஸ்திரிய லாயிட் கப்பற் கழகம் தோன்றியது; 1857-இல் வியன்னாவிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது; 1869-இல் சூயஸ் கால்வாய் கீழ்த்திசை வாணிகத்திற்கு வழி திறந்தது. இங்ஙனம் அந்நகர் ஒரு பேரரசின் கடல்வாயில் ஆயிற்று.

இக்கலப்பு இலக்கியத்திலும் விளங்குகின்றது. எத்தோரே ஷ்மிட்ஸ் என்னும் வணிகர், 'இத்தாலியன்', 'ஸ்வேபிய ஜெர்மானியன்' எனப் பொருள்படும் இரு சொற்களை இணைத்து, இதாலோ ஸ்வேவோ என்னும் புனைபெயரில் நாவல்கள் இயற்றினார். அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர், அந்நகரில் ஆசிரியராய் வாழ்ந்த ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆவார்.

1918-இல் பேரரசு சிதைந்தது; நகர் இத்தாலியின் வயப்பட்டது. துறையின் ஆழம் ஓர் அங்குலமும் குறைந்திலது. எனினும் அதன் சந்தைகள் அயல்நாடுகளாயின. வாணிகம் தளர, இனப்பகை வளர்ந்தது. 1920-இல் ஸ்லோவேனியரின் பண்பாட்டு மாளிகையைப் பாசிசக் கூட்டத்தார் எரித்தனர். 1943-இல் நகரைக் கைப்பற்றிய நாஜிப் படையினர், அங்கிருந்த அரிசி ஆலையொன்றைக் கொலைக்களமாக்கினர். போருக்குப்பின், 1947 முதல் 1954 வரை, எந்நாட்டையும் சேராத தனிநிலப் பகுதியாய் அது நின்றது. பின்னரே மீண்டும் இத்தாலியின் ஆட்சிக்கு வந்தது.

துறை மீண்டும் தழைத்ததும் பின்னிலத்தாலேயே என்பது கருதத்தக்கது. 1967 முதல் அங்கு இறங்கும் கச்சா எண்ணெய், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து குழாய்வழியே ஆஸ்திரியாவிற்கும் ஜெர்மனிக்கும் செல்கின்றது. 2007-இல் ஸ்லோவேனிய எல்லையில் சோதனைச் சாவடிகள் நீக்கப்பெற்றன. 2023-இல் இத்தாலி அச்சோதனையை மீண்டும் தொடங்கியது. கோடுகள் வரைவது எளிது. அக்கோட்டின் இருமருங்கும் உறவும் தொழிலும் கொண்ட மக்களுக்கு அதன் விலை யாதென்பதைத் திரியெஸ்தேயிடம் நாம் கேட்டறிதல் வேண்டும்.