சிறிய ட்ரோனா, பெரிய ட்ரோனா? புகைப்படத் தரம் பற்றி ஒரு பாடம்

சங்கத்தின் பணம் ஒருவருடைய பணமன்று. அது அங்கத்தினர் அனைவருடைய பங்கும் உழைப்பும் சேர்ந்தது. ஆகவே, புதியதொரு கருவியைச் சங்கம் வாங்க முற்படும்போது, அதனால் ஆகும் பயன் யாது, கொடுக்கும் விலைக்குத் தக்க வேலை செய்யுமா என்று கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை மட்டுமன்று, ஒவ்வோர் அங்கத்தினருடைய கடமையுமாகும். சேலம், நாமக்கல் சமவெளியில் மரவள்ளியும் மஞ்சளும் பருத்தியும் பயிரிடுவோர் சங்கங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். வயலை வானிலிருந்து புகைப்படம் எடுக்கும் ட்ரோன்களில், உள்ளங்கையில் அடங்கும் சிறியது போதுமா, கிலோ கணக்கில் எடையுள்ள பெரியது வேண்டுமா என்பதே அக்கேள்வி.

இதை நான் எழுத நேர்ந்ததற்கு என் சொந்தத் தவறே காரணம். எனது ஆய்வுக்குட்பட்ட ஒரு சங்கத்தார் இரண்டு விலைப்புள்ளிகளைப் பெற்றிருந்தனர். சிறிய ட்ரோனின் தாளில் 48 மெகாபிக்சல் என்றும், பெரியதன் தாளில் 20 மெகாபிக்சல் என்றும் அச்சிட்டிருந்தது. “ஐயா, விலையும் குறைவு, எண்ணும் பெரிது. பிறகு என்ன யோசனை?” என்றார் செயலாளர். நானும் ஆட்சேபம் சொல்லவில்லை. சிறியதையே வாங்கினார்கள். ஐப்பசி மழையில் தாழ்ந்த வயல்களில் தண்ணீர் தேங்கிய ஒரு நாள், மேகம் மூடிய மாலை நேரத்தில், அவசரமாக அதைப் பறக்கவிட்டுப் படமெடுத்தனர். படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது, மணல் தூவினாற்போல் எங்கும் புள்ளிகள் தெரிந்தனவேயன்றி, வரப்பு எது, தண்ணீர் எது என்று பிரித்தறிய இயலவில்லை. மறுநாள் நண்பகலுக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. எவர் வயலில் எவ்வளவு தூரம் நீர் நின்றது என்பதற்குச் சான்று இல்லாமற் போயிற்று. அன்று அங்கத்தினர் ஒருவர் என்னிடம், “நாற்பத்தெட்டு இருந்தும் ஒன்றும் தெரியவில்லையே” என்று சொன்ன சொல் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதன் பின்னரே இவ்விஷயத்தை முறையாகக் கற்கலானேன்.

1. ஒளித்தகடு

புகைப்படக் கருவியின் உள்ளே, லென்ஸின் பின்னால், ஒளியை வாங்கிக்கொள்ளும் சிறு தகடு ஒன்று உண்டு. இதனை சென்சார் என்பர்; நாம் ஒளித்தகடு என்போம். படத்தின் தரத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது இதன் பரப்பேயாகும். மழையில் வைத்த பாத்திரங்களை எண்ணிப் பாருங்கள். அகன்ற வாயுள்ள அண்டாவில் சேரும் நீர், குறுகிய சொம்பில் சேருவதில்லை. அவ்வாறே, பெரிய தகட்டில் அதிக ஒளி சேரும். ஒளி போதாதவிடத்துக் கருவி தன் மின்குறியைச் செயற்கையாக உயர்த்துகிறது. அப்போது பிழையும் சேர்ந்து உயர்வதால் மணற்புள்ளிகள் தோன்றுகின்றன.

டி.ஜே.ஐ. என்னும் சீன நிறுவனத்தாரின் ட்ரோன்களை உதாரணத்துக்குக் கொள்வோம். 2020-இல் வந்த மினி 2 என்பது 250 கிராமுக்கும் குறைந்த எடையுள்ளது. அதன் தகட்டின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீட்டர். 2016-இல் வந்த ஃபேன்டம் 4 புரோ 1,388 கிராம் எடையுள்ளது. அதன் தகடு ஏறத்தாழ 116 சதுர மில்லிமீட்டர். இரண்டின் லென்ஸ்களும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் பார்ப்பவை. ஒளி புகும் துளையின் அளவும் எஃப் 2.8 என்று ஒன்றேயாகும். எனவே, ஒரே நேரத்தில் ஒரே காட்சியை எடுத்தால், பெரியதன் தகடு நான்கு மடங்கு ஒளியை வாங்குகிறது. 2021-இல் வந்த மேவிக் 3 என்பதன் தகடு 225 சதுர மில்லிமீட்டர். அதாவது மினி 2-ஐப்போல் எட்டு மடங்கு.

ஆயினும், எடையைக் கொண்டு தரத்தை நிறுத்துவிடலாம் என்று எண்ணிவிடலாகாது. 2023-இல் வந்த மினி 4 புரோ என்பதும் 250 கிராமுக்கு உட்பட்டதே. ஆனால் அதன் தகடு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர். துளையோ எஃப் 1.7. இந்த எண் சிறுக்கச் சிறுக்கத் துளை அகலும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால், மங்கிய ஒளியில் இச்சிறு ட்ரோன், தன்னைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் எடையுள்ள பழைய ஃபேன்டமைவிட அதிக ஒளியை வாங்கிவிடும். நல்ல வெயிலில் மட்டும் பெரிய தகட்டின் மேன்மை நிற்கும். ஏனெனில் அதன் கொள்ளளவு பெரிது. வெண்மையான வரப்பும் மரத்தடி நிழலும் ஒரே படத்தில் வரும்போது, இரண்டின் விவரத்தையும் அது இழக்காமல் காட்டும். ஆகவே கேட்க வேண்டிய முதற்கேள்வி, “எடை எவ்வளவு?” என்பதன்று; “ஒளித்தகடு எவ்வளவு? துளை எவ்வளவு?” என்பதே.

2. மெகாபிக்சல் என்னும் எண்

படத்தை ஆக்கும் நுண்புள்ளிகளின் தொகை பத்து லட்சமானால் அது ஒரு மெகாபிக்சல். நெசவாளர்களாகிய அங்கத்தினர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஓர் அங்குலத்தில் இழை எண்ணிக்கை கூடினால் துணி நயமாகும் என்பது மெய்யே. ஆனால் நூல் நொய்யதானால் இழையை எத்தனை நெருக்கினாலும் துணி நில்லாது. தகடு சிறிதாக இருக்க, புள்ளிகளை மட்டும் நெருக்கினால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்துபோகும்.

48 மெகாபிக்சல் என விளம்பரப்படுத்தப்படும் சிறு கருவிகள் பலவற்றில், நான்கு நான்கு புள்ளிகள் ஒரே நிற வடிகட்டியின்கீழ் ஒரு குழுவாக அமைந்துள்ளன. நான்கையும் ஒன்றாகக் கூட்டி 12 மெகாபிக்சல் படமாக எடுப்பதே அவற்றின் இயல்பான வேலை. நல்ல வெயிலில் 48 என்னும் முறை சற்றே அதிக விவரம் தரலாம். மங்கிய ஒளியில் அதனால் தீமையே விளையும். நம் சங்கத்தார் அம்மாலையில் எடுத்த படங்கள் யாவும் 48 முறையில் எடுத்தவை என்பதைப் பிற்பாடே கண்டோம்.

சங்கத்தின் ஆண்டறிக்கையில் அச்சிட 12 மெகாபிக்சலே தாராளமாகப் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் நல்ல அச்சுக்கு, 4,000-க்கு 3,000 புள்ளியுள்ள அப்படம் 13 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் வரும். 20 மெகாபிக்சல் படம் 18-க்கு 12 அங்குலம் வரும்.

3. உயரக் கணக்கு

படத்தின் ஒரு புள்ளி தரையில் எவ்வளவு நீளத்தைக் காட்டுகிறது என்பதே வயற்படத்துக்கு முக்கியம். 30 மீட்டர் உயரத்தில் மினி 2-இன் ஒரு புள்ளி ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டர் தரையைக் காட்டும். ஃபேன்டம் 4 புரோவின் புள்ளி 0.8 சென்டிமீட்டரைக் காட்டும். சிறியதை 23 மீட்டருக்கு இறக்கிவிட்டால், அதுவும் 0.8 சென்டிமீட்டரைக் காட்டிவிடும். நல்ல ஒளியில் விவரத்தைப் பொறுத்தமட்டில் சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள இடைவெளி இந்த 7 மீட்டர் உயரந்தான்.

ஆனால் இறக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. 30 மீட்டரில் பெரியது ஒரு படத்தில் ஏறத்தாழ 1,350 சதுர மீட்டரை அடக்கும். 23 மீட்டரில் சிறியது 820 சதுர மீட்டரையே அடக்கும். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் ஆதலின், ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எடுத்தாலும், ஏக்கருக்குப் பெரியதில் மூன்று படமும் சிறியதில் ஐந்து படமும் வேண்டும். ஐந்து ஏக்கர் தோட்டத்துக்கு இது பொருட்டன்று. நூறு ஏக்கருக்கு 300 எங்கே, 500 எங்கே! மின்கலமும் நேரமும் அதற்குத் தக்கபடி செலவாகும்.

4. காற்றும் வேகமும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். 249 கிராம் எம்மாத்திரம்? காற்றில் சிறு ட்ரோன் அதிகம் சாய்ந்து ஆடும். அதனால் படம் கலங்கும். மேலும், சாதாரணக் கருவிகளில் தகடு படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ட்ரோன் வேகமாகச் செல்லும்போது முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே இடம் மாறுவதால் உருவம் சற்றுக் கோணும். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் படங்களை ஒட்டி வரைபடமாக்கி வரப்பை அளந்தால் பிழை தெரியும். ஃபேன்டம் 4 புரோ போன்ற சில பெரியவற்றில் இயந்திர ஷட்டர் இருப்பதால் இக்குறை நீங்குகிறது. சிறியதைக் கொண்டு அளவைப்படம் எடுக்க நேர்ந்தால், மெதுவாகச் செலுத்துவதும், நின்று நின்று எடுப்பதுமே பரிகாரம்.

சிறியதற்கும் ஒரு நன்மை உண்டு. எடை குறைவாதலின் அதன் விசிறிக்காற்று மெல்லியது. 10 மீட்டருக்கு இறங்கினாலும் இலைகள் அவ்வளவாக அலையா. அவ்வுயரத்தில் ஒரு புள்ளி 4 மில்லிமீட்டருக்கும் குறைவு.

5. எவ்வேலைக்கு எது?

மரவள்ளியை, நம் பக்கத்துச் சொல்லில் குச்சிக்கிழங்கை, எடுத்துக்கொள்வோம். 2020-இல் கேரளத்தில் முதன்முதல் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, பின்னர் நம் மாவட்டங்களிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. அதனை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. இப்பூச்சி தாக்கிய செடியின் நுனி குறுகி, இலைகள் சுருண்டு கொத்தாகிவிடும். பூச்சியோ சில மில்லிமீட்டர் அளவினது. அதைச் சிறிய ட்ரோனும் காட்டாது, பெரியதும் காட்டாது. ஆனால் நுனி குறுகிய திட்டுகள் வயலின் எப்பகுதியில் உள்ளன என்பதைக் காலை வெயிலில் தாழப் பறக்கும் சிறிய ட்ரோனே காட்டிவிடும். அவ்விடத்துக்கு நடந்து சென்று இலையைத் திருப்பிப் பார்ப்பது மனிதன் வேலை.

வயலின் பரப்பை அளத்தல், நீர் நின்ற எல்லையைக் குறித்தல், விடியலிலும் மழைமேகத்திலும் படமெடுத்தல், நூறு ஏக்கரை ஒரே நாளில் முடித்தல் ஆகியவற்றுக்குப் பெரிய தகடும் இயந்திர ஷட்டரும் உள்ளதே தகும். அத்தகைய வேலை ஆண்டில் சில நாளே வருமாயின், வாங்குவதைவிட வாடகைக்கு அமர்த்துவதே சிக்கனம்.

நெசவாளர் சங்கத்தார் ஒன்றை அறிய வேண்டும். சேலையின் படத்துக்கு ட்ரோன் வேண்டா. அதன் அகன்ற லென்ஸ் கரையின் நேர்கோட்டை ஓரங்களில் வளைத்துவிடக்கூடும். நிழலான முற்றத்தில் முக்காலியில் நிறுத்திய சாதாரணக் கேமராவே நிறத்தை நன்கு காட்டும். நெசவுக் கூடங்களின் கூரை ஓடுகள் எங்கே பெயர்ந்துள்ளன என்று பார்க்கச் சிறிய ட்ரோன் உதவும்.

6. சட்டமும் கொள்முதலும்

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை உள்ளவை நானோ என்றும், அதற்குமேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ என்றும் பிரிக்கப்பட்டுள்ளன. நானோவை இயக்குவோருக்கு இயக்குநர் சான்றிதழ் வேண்டுவதில்லை. சங்கத்தின் தொழிலுக்காக மைக்ரோவை இயக்குவோருக்கு அது வேண்டும். படத்தின் தரத்தோடு இச்செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பறக்கலாகாத பகுதிகள் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளன. ஓமலூரை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்தின் சுற்றுப்புறத்தார் அதனைப் பாராமல் பறக்கவிடலாகாது. முழு உருவில் ட்ரோன்களை இறக்குமதி செய்வதற்கு 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. ஆகவே, மேலே கூறிய ட்ரோன்கள் கணக்கு அறிவதற்கான உதாரணங்களே. வாங்கும்படி நான் கூறவில்லை. எந்த நிறுவனத்தாரின் தாளையும் இதே கேள்விகளால் சோதிக்கலாம்.

அச்சங்கத்தார் பின்னர் என்ன செய்தனர் என்று அறிய விரும்புவீர்கள். பெரிய ட்ரோன் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு அமர்த்தி, தங்கள் சிறியதோடு ஒரே மரவள்ளி வயலில், விடியற்காலை, முற்பகல், அந்தி ஆகிய மூன்று வேளையிலும் பறக்கவிட்டனர். படங்களைப் பெயர் மறைத்துத் திரையில் காட்டினர். முற்பகல் படங்களில் எது எதனுடையது என்று அங்கத்தினர்களில் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அந்திப் படங்களை எல்லோரும் கண்டுகொண்டனர். சிறியதைப் பயிர் பார்க்க வைத்துக்கொள்வது, 12 மெகாபிக்சல் முறையிலேயே எடுப்பது, மழைக்காலத்தில் பெரியதை வாடகைக்கு அமர்த்துவது என மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. இச்சோதனைக்கு ஒரு நாளும் சிறு வாடகையுமே செலவாயின. வாங்குமுன் இதனைச் செய்திருந்தால், அந்த ஐப்பசி மாலையின் சான்று நமக்குக் கிடைத்திருக்கும்.

அங்கத்தினர் வகுப்புக்கான வினாக்கள்

1. உங்கள் சங்கத்துக்கு வந்த விலைப்புள்ளியில் ஒளித்தகட்டின் அளவும் துளையின் எண்ணும் குறிக்கப்பட்டுள்ளனவா? இல்லையெனில் எழுதிக் கேட்டீர்களா?

2. உங்கள் வயல்களுக்கு ஓர் ஆண்டில் எத்தனை நாள் படம் தேவைப்படும்? அவற்றுள் மங்கிய ஒளியில் எடுக்க வேண்டியவை எத்தனை?

3. 40 ஏக்கரை 23 மீட்டரில் சிறியதாலும், 30 மீட்டரில் பெரியதாலும் எடுக்க, ஒன்றன்மேல் ஒன்று படியாமல், எத்தனை படங்கள் வேண்டும்?

4. ஒரு சான்றிதழ் பெற்ற இயக்குநரையும் ஒரு பெரிய ட்ரோனையும் அண்டைச் சங்கங்கள் சில கூடிப் பகிர்ந்துகொள்ள இயலுமா? அதற்குத் தடையாக நிற்பது யாது?