எல்லா மதுவத்திலும் ஒரே சுற்றா?

கேள்வி: ஹிஸ்டோன் என்ற புரதத்தைச் சுற்றி டி.என்.ஏ. சுருண்டிருக்கும் என்று படித்தோம், சேர். அம்மா அப்ப மாவில் போடுகிற ஈஸ்டிலும் அப்படித்தானா? மதுவத்தில் பல இனங்கள் உண்டே, எல்லாவற்றிலும் ஒரே மாதிரியா சுற்றியிருக்கும்?
– உயர்தர உயிரியல் மாணவி, பசறை

பதில்: சுற்றுகிற உருளை ஒன்றுதான், மகள். உருளைக்கும் உருளைக்கும் நடுவே விடுகிற இடம்தான் இனத்துக்கு இனம் மாறுகிறது.

அம்மாவின் ஈஸ்டிலிருந்தே தொடங்குவோம். சக்கரோமைசிஸ் செரிவிசியே என்பது அதன் முழுப்பெயர். 16 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் மூலச் சோடிகள். கரு உள்ள உயிரிகளில் முதன்முதலாக முழுவதும் வாசிக்கப்பட்டது இதன் டி.என்.ஏ.தான், 1996இல் வெளியானது. அவ்வளவையும் நீட்டிப் பிடித்தால் 4 மில்லிமீற்றர், ஒரு சம்பா அரிசியின் நீளம். அதை அடக்க வேண்டிய கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு.

பதுளையில் ரயிலேறி எல்லப் பக்கம் போயிருப்பீர்கள். தெமோதரையில் சுரங்கத்துக்குள் புகும் ரயில், மலையைச் சுற்றி வளைந்து ஏறி, அதே சுரங்கத்தின் தலைக்குமேல் இருக்கும் ஸ்டேசனில் வந்து நிற்கும். அது ஒரு சுற்று. டி.என்.ஏ. ஒன்றரைச் சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுகிறது. உள்ளே மலைக்குப் பதில் எட்டு ஹிஸ்டோன்கள், சுற்றில் அடங்குவது 147 மூலச் சோடிகள். இந்தக் கட்டுக்கு நியூக்கிளியோசோம் என்று பெயர். அப்ப மா ஈஸ்டில் இப்படி 70,000 அளவில் இருக்கும். 147 என்ற இந்தக் கணக்கு மதுவத்திலும் ஒன்று, மனிதரிலும் ஒன்று.

இடைவெளிக்கு ரயில் உதவாது, தேயிலை மலைக்குத்தான் போக வேண்டும். புதுக்கன்று நடும்போது ரோட்டோரத்தில் ஆரம்பித்து அடிக்கணக்காக நிரை பிடிப்பார்கள் அல்லவா? பெரும்பாலான பரம்பரையலகுகளின் தொடக்கத்துக்கு முன்னால் அப்படி ஒரு வெற்றிடம், ரோடு மாதிரி, விடப்பட்டிருக்கும். அங்கிருந்து நியூக்கிளியோசோம்கள் வரிசையாக உட்கார்கின்றன. அப்ப மா ஈஸ்டில் சுமார் 165 மூலச் சோடிக்கு ஒன்று. அப்படியானால் நடுவில் வெறுமையாகக் கிடப்பது 20க்கும் குறைவு. பாலில் வாழும் குளுவரோமைசிஸ் லக்டிஸில் இடைவெளி இதைவிட நீளம். ஆபிரிக்கத் தினை பியரில் கண்டெடுத்த சைசோசக்கரோமைசிஸ் பொம்பேயில் 154க்கு ஒன்று, கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கும். (பொம்பே என்றால் சுவாஹிலி மொழியில் பியர். பெயர் வைத்தவர் ஒளிவுமறைவு பார்க்கவில்லை!)

அந்த அடிக்கணக்கைத் தீர்மானிப்பது எது, டி.என்.ஏ.யின் எழுத்தா, கலத்தின் வேலையாட்களா? எனக்குப் பிடித்த பரிசோதனை இங்கேதான் வருகிறது. 2012இல் லக்டிஸின் டி.என்.ஏ. துண்டுகளை அப்ப மா ஈஸ்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள். வந்த டி.என்.ஏ. தன் பழைய இடைவெளியை விட்டுவிட்டு, புகுந்த வீட்டின் இடைவெளிக்கு மாறிவிட்டது. கன்று எந்த நாற்றுமேடையிலிருந்து வந்தால் என்ன, நிரையின் அளவு நடுகிற தோட்டத்துடையதுதான். நியூக்கிளியோசோம்களை நகர்த்தி வைக்கும் புரதங்களில் ஒன்று சி.எச்.டி.1. லக்டிஸின் சி.எச்.டி.1ஐ அப்ப மா ஈஸ்டுக்குக் கொடுத்தபோது அங்கே இடைவெளி நீண்டது. இது 2015இல் வெளியானது. இடைவெளியைப் பொறுத்தவரை வேலையாள் கட்சிக்கே வெற்றி.

அதற்காக எழுத்து வெறும் பார்வையாளர் இல்லை. ரோடு எங்கே விழும் என்பதில் அதற்குப் பங்குண்டு. அப்ப மா ஈஸ்டில் அடினீன் மட்டுமே தொடர்ந்து வரும் துண்டுகள் விறைப்பானவை, உருளையைச் சுற்றி வளைய மறுப்பவை. ஆகவே அவ்விடம் வெறுமையாகிவிடும். பொம்பேயோ இந்த உபாயத்தை அவ்வளவாக நம்புவதில்லை.

இனி அப்பத்துக்கு வருவோம். சீனி கிடைத்தால் இந்த ஈஸ்ட், ஒட்சிசன் இருந்தாலும்கூட, சுவாசத்தை ஒதுக்கிவிட்டு நொதிக்கும். அப்போது வெளிவரும் காபனீரொட்சைட்டுதான் அப்பத்தின் கண். சுவாசத்தை ஒதுக்குவதற்கேற்ப, ஈஸ்டின் சுவாசப் பரம்பரையலகுகளின் வாசலில், அதாவது ரோடு இருக்க வேண்டிய இடத்தில், நியூக்கிளியோசோம் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படியும் கன்டிடா அல்பிக்கன்ஸ் சுவாசித்தே வாழ்வது. அங்கே அதே வாசல்கள் திறந்து கிடக்கின்றன. இந்த வேறுபாடு டி.என்.ஏ. எழுத்திலேயே பதிந்திருப்பதை 2009இல் காட்டினார்கள்.

பரீட்சையில் 147 வரலாம், 165 வருமென்று தோன்றவில்லை. ஆனால் எல்லா இனத்திலும் ஒரே இடைவெளி என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், மகள்.