தைத்துக் கட்டிய கப்பல்கள்

நம் முன்னோர் கடல் கடந்து வாணிபம் செய்தனர் என்று மேடைதோறும் பேசுகிறோம். எத்தகைய கலத்தில் சென்றனர், அதை எவ்வாறு கட்டினர் என்று அடுகோடியில் நான் நடத்தும் ஞாயிறு வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பெருமை பேசுவோர் விடையறிய வேண்டிய கேள்வி இது.

மரம் மட்கும் பொருள். ஆகவே, காசும் பானை ஓடும் கிடைக்கும் அளவுக்குக் கலங்கள் கிடைப்பதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. சாதவாகனர் காசுகளிலும் இரட்டைப் பாய்மரக் கப்பல் உண்டு. இவற்றில் உருவம் தெரிகிறது. பலகையைப் பலகையோடு சேர்த்த விதம் தெரியவில்லை.

சேறும் நீரும் மூடிக் காற்றுப் புகாத இடத்தில்தான் மரம் தப்பும். பழைய முசிறி என்று அறிஞர் பலர் கருதும் கேரளத்துப் பட்டணத்தில், 2007ஆம் ஆண்டு அகழாய்வில் ஏறத்தாழ 6 மீட்டர் நீளத் தோணி அவ்வாறு கிடைத்தது. ஆஞ்சிலி மரத்தைக் குடைந்து செய்தது. இதையே ரோமாபுரிக்குப் போன கப்பல் என்று சொல்லிவிடக் கூடாது. ஆற்றுக்கும் காயலுக்கும் உரிய தோணி அது.

பெருங்கலம் கட்டும் முறைகளுள் ஒன்று தையல். பலகைகளின் விளிம்பை ஒட்டவைத்துத் துளையிடுவர். இடுக்கின்மேல் தேங்காய் நார் வைத்து, கயிற்றால் இறுக்கித் தைத்துத் துளைகளைப் பிசினால் அடைப்பர். ஆணி வேண்டியதில்லை. ஓர்முசில் இத்தகைய கப்பல்களைக் கண்ட மார்க்கோ போலோ அவற்றை இழித்து எழுதினார். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் வருமுன், தொலைவில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களைக் கரை சேர்த்த மசூலா படகுகளும் தைத்தவைதாம். அலை அறையும்போது தையல் சற்று இளகிக் கொடுக்கும். ஆணியடித்த விறைப்பான படகோ பிளக்கும். இதை அவர் அறிந்திலர் போலும்!

அண்மையில் இம்முறைக்கு ஒரு சோதனை நடந்தது. அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்து, கேரளக் கைவினைஞர் கோவாவில் ஒரு கலத்தைத் தைத்தனர். பழைய வரைபடம் எதுவும் இல்லாததால், மாதிரி செய்து சென்னை ஐ.ஐ.டி.யில் நீரோட்டச் சோதனை செய்தனர். 2025 மே மாதம் நம் கர்நாடகத்துக் கார்வாரில் அது கடற்படையில் சேர்ந்து ‘கௌண்டின்யா’ எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டு திசம்பர் 29இல் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, 2026 சனவரியில் மஸ்கட்டை அடைந்தது.

அது ஓடியதால் அஜந்தா காலத்துக் கப்பல் இப்படித்தான் இருந்தது என்று முடிவாகாது. இப்படி இருந்திருந்தால் கடலைத் தாங்கியிருக்கும் என்பதுவரை சொல்லலாம். மற்றதை, சேற்றிலிருந்து எடுக்கும் பலகைதான் சொல்ல வேண்டும்.