மோட்டார் பந்தயம்: திரிப்பொலியும் சோழவரமும்

கொத்தமங்கலத்தைச் சூழ்ந்த செம்மண் நாட்டிற் பிறந்தோர்க்கு மாட்டுவண்டிப் பந்தயம் புதிதன்று. ஊர்த் திருவிழாவை ஒட்டிச் சாலையொன்றில் எல்லை குறித்து, வண்டிகள் அவ்வெல்லையைச் சுற்றி மீளும் வண்ணம் ஓட விடுதல் சிவகங்கைச் சீமையின் வழக்கம். அதனை நடத்துவோர் முதற்கண் செய்யும் காரியம் மாடுகளை வகுத்தலாகும். பெரிய மாடு, நடுமாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என வளர்ச்சியை நோக்கி வகுத்து, ஒவ்வொரு வகுப்பிற்கும் தனி ஓட்டமும் தனிப் பரிசும் வைப்பர். இங்ஙனம் வகுப்பதன் காரணம் யாது? பெரிய காளைகளை வாங்கிப் பேண இயலாதவனும் தன் இளங்கன்றுகளைப் பூட்டிக்கொண்டு களத்தில் இறங்குதல் வேண்டும் என்பதே. வகுப்பு விதி பந்தயத்திற்கு ஒரு வாயில் போன்றது. அதனைத் திறந்துவைத்தலும் கூடும், சாத்திவிடுதலும் கூடும். மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தில் இவ்விரண்டிற்கும் தக்க சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று வட ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. மற்றொன்று நம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாட்டிற்கு வளர்ச்சி எப்படியோ, மோட்டார் வண்டிக்கு எஞ்சினின் கொள்ளளவு அப்படி. எஞ்சினின் உருளைகளுள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகும். அக்கலவை தீப்பற்றி விரியும். அவ்விரிவு உந்துதண்டைத் தள்ள, அத்தள்ளுதல் சுழற்சியாகிச் சக்கரங்களை உருட்டும். உந்துதண்டுகள் ஒருமுறை ஓடிக் கடக்கும் இடத்தின் அளவை உருளைதோறும் கணக்கிட்டுக் கூட்டினால் வருவது எஞ்சினின் கொள்ளளவாம். அதனைக் கன சென்டிமீட்டர் என்னும் அளவாற் குறிப்பர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். கொள்ளளவு மிக்க எஞ்சின் ஒரு சுழற்சியில் மிகுந்த கலவையை எரிக்கும். ஆதலின் அதன் ஆற்றலும் மிகும். காற்றை அழுத்தி உட்செலுத்தும் கருவியொன்றைச் சேர்த்துச் சிறிய எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குதலும் உண்டு. இக்காரணத்தாற்றான் பந்தய விதிகள் பெரும்பாலும் கொள்ளளவிற்கு வரம்பு கட்டுகின்றன.

இனி வட ஆப்பிரிக்காவிற்குச் செல்வோம். இரு உலகப் பெரும்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அதன் கரையோரம் ஐரோப்பிய அரசுகளின் கையில் இருந்தது. மொராக்கோவிற் காசாபிளாங்காவை அடுத்த அன்பா என்னும் இடத்திலும், துனிசியாவிற் பழம்பெருமை வாய்ந்த கார்த்தேஜ் நகர்ப் பக்கத்திலும், அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுக்காரர் பந்தயங்கள் நடத்தினர். அல்ஜீரியாவிற் குடியேறிய ஐரோப்பியக் குடும்பத்திற் பிறந்த கீ மோல் என்னும் இளைஞர், 1934-ஆம் ஆண்டு ஏப்ரலில் மொனாக்கோவின் பெரும்பந்தயத்தை வென்று ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இத்தாலியிலுள்ள பெஸ்காராவில் அவருடைய வண்டி சாலையை விட்டு விலகிச் சிதைய, அவர் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 24. விரைவிற்கு அக்காலத்தார் கொடுத்த விலை இத்தன்மைத்து.

ஆயினும் அக்கரையோரத்துப் பந்தயங்களுள் தலைமை பெற்றது இத்தாலியர் வசமிருந்த லிபியாவின் திரிப்பொலிப் பந்தயமே. அது 1925-இல் தொடங்கியது. 1933-இல் மெல்லாஹா என்னும் உப்பேரியைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமுள்ள புதிய பாதை திறக்கப்பெற்றது. வெண்ணிறக் காங்கிரீட்டினால் அமைந்த பார்வையாளர் மண்டபமும் கோபுரமும் அதற்கு அணி செய்தன. வளைவுகள் அகன்றும் நேர்ப்பகுதிகள் நீண்டும் இருந்தமையால், 1938-இல் வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைக் கடந்தது. அவ்வாண்டுப் பந்தயத்திலேயே எயுஜேனியோ சியேனா, லாஸ்லோ ஹார்ட்மன் என்னும் இருவர் விபத்துக்குள்ளாகி மாண்டனர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இப்பந்தயத்திற்குப் பொருள் திரட்டும் பொருட்டு 1933-இல் அரசாங்கத்தார் ஒரு லாட்டரி ஏற்படுத்தினர். விற்ற சீட்டுகளிலிருந்து சில சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொரு சீட்டிற்கும் ஓர் ஓட்டுநரை உரிமையாக்கினர். யார் வெல்கின்றாரோ அவர்க்குரிய சீட்டை உடையவர்க்குப் பெருந்தொகை கிட்டும். அவ்வாண்டு அக்கீல்லே வார்ட்ஸி, தாத்ஸியோ நுவொலாரியை ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளியில் முந்தினார். ஓட்டுநர் சிலர் சீட்டுக்காரருடன் கூடி வெற்றியை முன்னரே தீர்மானித்துவிட்டனர் என்று பின்னாளிற் கதை பரவியது. மெர்சிடிஸ் குழுவின் மேலாளராயிருந்த ஆல்பிரட் நாய்பவர் தம் நினைவுநூலில் அதனை விரித்தெழுதினார். ஆவணங்களை ஆராய்ந்த பிற்காலத்தார், பரிசைப் பகிர்ந்துகொள்ள உடன்படிக்கை இருந்ததே அன்றி, ஓட்டத்தின் முடிவே விலைபோயிற்று என்பதற்குத் தக்க சான்றில்லை என்பர். உண்மை எதுவாயினும், திறமையின் மேற் சூதின் நிழல் விழுந்தால் மெய்யான வெற்றியும் ஐயத்திற்கு இடமாகும் என்பது தெளிவு.

நாம் எடுத்துக்கொண்ட வகுப்பு விதிக்கு வருவோம். 1935 முதல் 1938 வரை நான்காண்டுகள் திரிப்பொலியில் வென்றவை ஜெர்மானிய வண்டிகளே. தம் ஆட்சிக்குட்பட்ட மண்ணில், தாம் அமைத்த பாதையில், அயலார் வண்டிகள் ஆண்டுதோறும் வெல்லுதலை இத்தாலியர் பொறுத்திலர். ஆகவே 1939-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் 1500 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாதென அறிவித்தனர். இவ்வகுப்பிற்கேற்ற வண்டிகள் இத்தாலியரிடம் இருந்தன, ஜெர்மானியரிடம் இல்லை. நம்மூர் வழக்கிற் சொன்னால், பெரிய மாடு வைத்திருப்பவனைத் தடுக்கப் பூஞ்சிட்டு ஓட்டம் ஒன்றே நடைபெறும் என்று தண்டோராப் போட்டதை ஒக்கும்.

அதன் விளைவு யாது? மெர்சிடிஸ் தொழிற்சாலையார் ஏறத்தாழ எட்டே மாதத்தில் எட்டு உருளைகள் கொண்ட 1500 கன சென்டிமீட்டர் எஞ்சினைப் புதிதாக வரைந்து, வார்த்து, இரண்டு வண்டிகளைச் செய்து முடித்தனர். 1939 மே 7-ஆம் நாள் அவ்விரு வண்டிகளும் இத்தாலியரின் வண்டிகள் பலவற்றை எதிர்த்து ஓடின. ஹெர்மன் லாங் முதலாவதும், ருடால்ப் கராச்சியோலா இரண்டாவதும் வந்தனர். வாயிலைச் சாத்தினோர் உள்ளே தோற்று நின்றனர். 1940 மே மாதத்தில் ஜெர்மானியர் வாராத பந்தயத்தில் இத்தாலிய வண்டி வென்றது. அடுத்த மாதம் இத்தாலி போரில் இறங்கியது. லிபியாவின் ஆளுநராயிருந்து இப்பந்தயத்தைப் பேணிய இத்தாலோ பால்போ, ஜூன் 28-ஆம் நாள் தோப்ருக்கின் மேலே பறக்கையில் தம் நாட்டுப் பீரங்கிகளாலேயே சுடப்பட்டு மாண்டார். திரிப்பொலியில் மீண்டும் அப்பந்தயம் நடைபெறவில்லை. மெல்லாஹாவின் பாதை போருக்குப் பின் அமெரிக்கரின் விமானத்தளத்துள் அடங்கியது.

ஜெர்மானியர்க்குச் சாத்திய வாயிலினும் பெரிய வாயில் ஒன்று அங்கே முதலிலிருந்தே சாத்தப்பட்டிருந்தது. இத்தாலியரை எதிர்த்துப் பல்லாண்டு போரிட்ட முதியவர் உமர் முக்தார் தூக்கிலிடப்பட்டது 1931 செப்டம்பர் 16-ஆம் நாள். லிபியாவின் கிழக்குப் பகுதி மக்கள் பல்லாயிரவர் குடிபெயர்க்கப்பட்டு முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டதும் அக்காலத்தே. அதற்கு இரண்டாண்டுகளுக்குள் வெண்மண்டபம் எழுந்தது. 1925 முதல் 1940 வரை திரிப்பொலியில் வென்றோர் பட்டியலை நோக்கினால், அந்நாட்டு மக்களுள் ஒருவர் பெயரேனும் அதிற் காணப்படாது. நிலம் அவர்களுடையது; விழா பிறருடையது. ஆதலின் ஆட்சி நீங்கியபோது விழாவும் வேரின்றி நீங்கியது.

இனி நம் நாட்டை நோக்குவோம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அது வெறுமையாய்க் கிடந்தது. 1953-இல் அன்பர் சிலர் கூடிச் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினர். பின்னர்ச் சோழவரத்துத் தளம் பல்லாண்டுகள் அவர்களுடைய பந்தயக் களமாயிற்று. வெண்மண்டபமும் இல்லை, அரசாங்க லாட்டரியும் இல்லை. வெளிநாட்டுப் பந்தய வண்டிகளை இறக்குமதி செய்வது அரிதாயிருந்த காலமாதலின், அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வீட்டு வண்டிகளையே பிரித்து, எடை குறைத்து, எஞ்சினைத் திருத்தி ஓட்டினர். இல்லாமையே அவர்களைத் தொழில் கற்க வைத்தது எனலாம்.

இந்நிலையில் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் ஒரு காரியம் செய்தார். ஆலைத்தொழிற் குடும்பத்திற் பிறந்து, தாமே பந்தயத்தில் ஓடிப் பழகிய அவர், நம் நாட்டுத் தெருக்களில் எங்கும் ஓடிய மாருதி 800 வண்டியின் எஞ்சினை எடுத்துக்கொண்டார். மூன்றே உருளைகள், 796 கன சென்டிமீட்டர். அதனை ஒருவர் அமரும் சிறிய திறந்த பந்தய வண்டியில் அமைத்து, 1980-களின் இறுதியில் பார்முலா மாருதி என்னும் வகுப்பை உண்டாக்கினார். அனைவர்க்கும் ஒரே எஞ்சின். ஆதலின் வெற்றி ஓட்டுவோனின் கையையும் கருத்தையும் பொறுத்தது. உதிரியுறுப்பு நம்மூர்க் கடையிலேயே கிடைக்கும். திரிப்பொலியில் எஞ்சினைச் சிறிதாக்கியது ஒருவரை வெளியே நிறுத்துதற்கு. இங்கே சிறிதாக்கியது பலரை உள்ளே அழைத்தற்கு. விதி ஒன்றே, கருத்து வேறு.

சென்னைச் சங்கத்தார் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தமக்கெனப் பாதை அமைத்து 1990-இல் திறந்தனர். அங்கே பார்முலா மாருதி வண்டியில் தம் முதற்பந்தயம் ஓடிய கோயம்புத்தூர் இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் குழுவிற் சேர்ந்து, பார்முலா ஒன் என்னும் உலகின் தலையாய பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராயினார். அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் அவர் நான்காவதாக வந்தார். டயர்களின் கோளாறு பற்றிப் பல குழுக்கள் விலகியமையால் அன்று ஓடியவை ஆறு வண்டிகளே என்பதை மறைத்தல் வேண்டா. எனினும் அவ்விடத்தை அடைந்து ஓடியதே அருமை. சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரர் கருண் சந்தோக் 2010-இல் அவ்வரிசையில் இரண்டாமவராயினார். கரிவரதன் இவற்றைக் காண இருந்திலர். 1995 ஆகஸ்டில் விமான விபத்தொன்றில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள பந்தயப் பாதை அவர் பெயர் தாங்கியுள்ளது.

மோட்டார் பந்தயம் ஏழைகளின் விளையாட்டாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. இன்றும் அது பொருட்செலவும் உயிரச்சமும் உடையதே. நாராயணும் கருணும் பந்தயத்திற் பழகிய குடும்பங்களிற் பிறந்தவர்களே. பார்முலா மாருதி வாயிலை முற்றும் திறந்துவிடவில்லை. முன்னிருந்ததினும் சற்று அகலத் திறந்தது. ஆயினும் அச்சிறு இடைவெளியின் பயன் பெரிது. ஒரு நாட்டார் தம் கையாலே செய்து, தம் மண்ணிலே ஓடி, தம் மக்களைப் பழக்கிய கலை, பிறர் ஆட்சி போனாலும் போகாது.

மாணவ நண்பர்காள்! நீவிர் நாளை பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் விதி வகுக்கும் நிலையை அடைவீர்கள். தேர்வுக்கு வரம்பு, வேலைக்குத் தகுதி, உதவிக்கு அளவு என்று ஏதேனும் ஒன்றை எழுத நேரும். அப்பொழுது எழுதுகோலைச் சற்று நிறுத்தி, இவ்வரம்பு யாரை உள்ளே விடுகின்றது, யாரை வெளியே நிறுத்துகின்றது என்று உம்மை நீரே கேட்பீராக. பூஞ்சிட்டு ஓட்டத்தை வகுத்த நம்மூர்ப் பெரியோர் இக்கேள்வியைப் புத்தகத்திற் படித்தறிந்தவரல்லர். கன்றோடு களத்தின் ஓரத்தில் நிற்கும் சிறுவனைக் கண்டறிந்தவர்.