திரும்பியதா, திருப்பினார்களா?

அன்புள்ள தம்பி,

பொல்பிட்டியவிலிருந்து நீ அனுப்பிய கதை கிடைத்தது. "மலைக்கு நடுவே ஆறு திரும்பியது" என்று தொடங்குகிறாய். காதுக்கு இனிமைதான். ஆனால் உங்கள் ஆறு தானாகத் திரும்பவில்லையே!

நோட்டன் பிரிட்ஜில் கெசல்கமுவ ஓயாவை மறித்து, மலையைக் குடைந்து, பழைய லக்சபான மின்நிலையம் வழியாக அந்தத் தண்ணீரை மஸ்கெலியா ஓயாவில் விடுகிறார்கள். 1950இலிருந்து இதுதான் நடக்கிறது. அதே தண்ணீர் லக்சபான அணையில் தேங்கி, இன்னொரு சுரங்கத்துக்குள் புகுந்து, 1969இல் வந்த உங்கள் ஊர் மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுத்தான் வெளியே வருகிறது. உங்கள் பக்கத்தில் இரண்டு ஓயாவும் கூடிக் களனி கங்கை ஆகின்றன என்பார்கள். ஆனால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் எப்போதோ போய்விட்டது.

தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பாய். 'திரும்பு' என்பதில் 'ம்' போய் 'ப்' வந்தால், செய்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் 'திருப்பு' என்ற சொல்லுக்கு ஓய்வே கிடையாது. மழைக்காலத்தில் வாசலுக்கு வரும் தண்ணீரைக் கான் வெட்டித் திருப்புவார் அப்பா. அடகு வைத்த தோட்டைச் சம்பளத்தன்று திருப்புவார் அம்மா, அடுத்த மாதமே மறுபடி வைப்பதற்கு. சம்பளக் கணக்கில் பேர் விழாத நாளைப் பற்றிக் கேட்டால் கணக்கப்பிள்ளை பேச்சைத் திருப்புவார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். யார் திருப்பினார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். பெரிய தாத்தா "இந்தியாவுக்குத் திரும்பினார்" என்கிறாய். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் என்று முதல் பக்கத்தில் சொன்னவனும் நீதான். காணாத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்புவார்? 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். போனவர்களுக்கு அக்கரையில் அரசாங்கம் வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. எவ்வளவு மரியாதையான தன்வினை! ஹட்டன் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிய கோச்சி நகர்ந்தபோது எழுந்த ஒப்பாரிக்கு அந்த இலக்கணம் தெரியாது.

அதற்காக எல்லா இடத்திலும் 'திருப்பி அனுப்பப்பட்டார்' என்று போட்டுவிடாதே. செயப்பாட்டுவினையும் ஆளை ஒளித்துவைக்கும். தாங்களே விண்ணப்பம் போட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களுக்குப் 'போனார்' போதும். உன் பெரிய தாத்தா எந்த வகை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எழுது.

கதையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்த வினைக்கு எழுவாய் நான்தான். திருத்தி அனுப்பு, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்