ராஜினாமாக் கடிதத்துக்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி உன் அம்மா போன் செய்தார். நீ வங்கி வேலையை விடப் போகிறாயாம், உட்கார்ந்து படிக்கவும் எழுதவும் நேரமே கிடைப்பதில்லையாம். பரீட்சை மேல் பரீட்சை எழுதி வாங்கிய வேலையாயிற்றே என்று அண்ணி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். போனில் பேசினால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அண்ணி சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் என்னிடம் கேட்டது உனக்கு நல்ல ஜோசியராகப் பார்க்கச் சொல்லி!

முதலில் உன் வாதத்துக்கே வருகிறேன். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு வந்துதானே எழுத்தாளராக வாழ்ந்தார் என்று நீ கேட்பாய். 1966இல் விட்டார், உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு அங்கே வருஷக்கணக்கில் வேலை பார்த்தார். 'கரைந்த நிழல்கள்' எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார். ஸ்டூடியோவில் கார் ஏற்பாடு செய்கிறவனையும், பணம் பட்டுவாடாவுக்கு அலைகிறவனையும் பக்கத்தில் இருந்து பார்க்காமல் அந்த நாவலை எழுதியிருக்க முடியுமா? விட்ட பிறகு அவர் குடும்பம் பட்ட கஷ்டமும் நீ படித்ததுதான். அந்தப் பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டிவிடாதே.

மற்ற எழுத்தாளர்களைப் பார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார் ஆ. மாதவன், அந்தத் தெருவையே கதைகளாக்கினார். தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வியாபாரி. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயர். இவர்கள் யாரும் வேலை முடிந்து மிச்சமிருந்த நேரத்தில் பொழுதுபோக்காக எழுதினவர்கள் இல்லை. உனக்குப் பிடித்த வண்ணதாசன் யார்? நம்மைப் போல வங்கியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வேலையை விட்டால்தான் படிக்க முடியும் என்பது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் தோன்றுகிற யோசனை. உன் பாட்டி எந்த வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் படித்தாள்? கல்கி பத்திரிகையில் 1950இலிருந்து 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வாரா வாரம் கிழித்தெடுத்து பைண்டு பண்ணி வைத்திருந்தார் தாத்தா. அந்தப் புத்தகத்தை நீ பிரித்துப் பார்த்திருக்கிறாயா? மணியம் வரைந்த படத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் விரல் ரேகை இருக்கும். ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு எழுதியிருக்கும், ஆழாக்கு, உழக்கு என்று. மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்ததற்கும் நாலு மணிக் காபிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் படித்தது அவ்வளவும். ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பெரிய கூட்டுக்குடும்பத்தில் இருந்துகொண்டு படித்தார், எழுதினார். பிறகு உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் போய் அந்த ஜனங்களோடு பழகி நாவல் எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' அப்படி வந்தது. வேண்டிய அளவு நேரம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் காத்துக்கொண்டே இருந்திருப்பார்.

நேரம் உனக்கும் இல்லாமல் இல்லை. எங்கள் காலத்தில் எல்லா சனிக்கிழமையும் அரை நாள் ஆபீஸ் உண்டு. 2015லிருந்து உங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை முழு லீவு. அந்த இரண்டு நாளும் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நீயே உன்னைக் கேட்டுக்கொள். கையில் அந்த போனோடுதான் கிடக்கிறாய் என்று அண்ணி சொன்னார். அம்மாக்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், பாதியையாவது எடுத்துக்கொள்.

இப்போது வங்கிக் கவுண்டருக்கு வருகிறேன். எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

உன் கிளை டெல்டாவில் இருக்கிறது. மேட்டூர் அணை திறந்து, சம்பா வேலை தொடங்குகிற நாட்களில் நகைக்கடன் மேஜையில் கூட்டம் நெரியும். அப்போது வருகிற பெண்களின் கழுத்தைக் கவனித்திருக்கிறாயா? தாலிச் சங்கிலியை அடகு வைக்க வருகிறவள் வங்கியில் வந்து அதைக் கழற்றுவதில்லை. வீட்டிலேயே கழற்றி, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வருவாள். கயிறு புதுசாக, பளிச்சென்று இருக்கும். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசி, கல் எடை, அரக்கு எடை எல்லாம் கழித்து ஒரு கணக்குச் சொல்லும்போது அவள் முகம் சற்றுச் சுருங்கும். கடையில் கல்லுக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்தாள். இங்கே கல் கணக்கில் வராது என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக் கதை எழுது என்று சொல்ல வரவில்லை. அவர்களை நோட்டில் குறித்து வைக்கிற சரக்காகப் பார்க்க ஆரம்பித்தாயானால் எனக்குப் பிடிக்காது. நான் சொல்வது வேறு. அந்தக் கடன் ரசீதில் தவணை முடிகிற தேதி இருக்கிறது, ஏல நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கிறது. எத்தனை பேர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? நீ அதைத் தமிழில், நிதானமாக, "அக்கா, இந்தத் தேதிக்குள் வட்டியாவது கட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், ஏல நோட்டீஸ் வரும்வரை விட்டுவிடாதீர்கள்" என்று சொல். கூட்டம் இருந்தாலும் சொல். பின்னால் நிற்கிறவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். என் சர்வீஸில் அப்படிச் சொன்னதற்காக ஒரு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு "மேடம், இது வாசகசாலையா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டு மறுபடியும் போய் அதையேதான் செய்தேன். நாளெல்லாம் புத்தகம் படிக்கிற பையனுக்கு இதைச் செய்வதில் என்ன அலுப்பு?

வீட்டு விஷயம் ஒன்று. வேலை முடிந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாயாம். சாத்திக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டு மணி வரை வேலை பார்த்தவனுக்குத் தனிமை வேண்டும்தான். ஆனால் சாப்பிட்ட பிறகு ஒரு கால் மணி நேரம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததில் இரண்டு பக்கம் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டேன். அவருக்குக் கண்புரை வந்ததிலிருந்து எழுத்து கலங்குகிறது. கல்யாணத்துக்கு முன் லைப்ரரியில் எழுத்தாளர் லக்ஷ்மியின் நாவல் ஒன்று விடாமல் படித்தவர். உனக்கு இது தெரியுமோ என்னவோ, அவர் சொல்லிக்கொள்ள மாட்டார். உனக்குப் புத்தகப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தாய், உன் அப்பாவிடமிருந்தா? அண்ணன் தினத்தந்தியில் சிந்துபாத்தைத் தாண்டினதில்லை.

கடைசியாகக் கணக்கு. உன் கல்விக்கடன் பாக்கி எவ்வளவு, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு எவ்வளவு, ஒரு வருஷம் சம்பளம் இல்லாமல் வீட்டு வாடகை கட்டக் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. இன்னொன்று, நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்காக வரிசையில் வந்து நிற்பார்கள். விரல் தேய்ந்து போய் மிஷினில் ரேகை விழாது, உன் பக்கத்து ஸீட்டுக்காரருக்குத் தனியாகச் சமாளிக்க முடியாது. அந்த மாதம் முடிகிறவரை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை கும்பகோணம் வா. கணக்குத் தாளை எதிரில் வைத்துக்கொண்டு பேசுவோம். அப்போதும் விடத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால், அண்ணியிடம் நானே வந்து சொல்கிறேன்.

வரும்போது டிகிரி காபித்தூள் வாங்காதே, இங்கேயே கிடைக்கிறது. நீ எழுதியதில் ஒன்றை எடுத்து வா.

அன்புடன்,
அத்தை