நாள் தவறிய சாட்சி

கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்குக் கார் ஓட்டுபவர் என் அண்ணன். ஒருநாள் லாரி மோதியது. டேஷ்கேமில் காட்சி பதிந்திருந்தது. தேதியோ எட்டாண்டுக்கு முந்திய சனவரி 1! "இது வேறு நாள் காட்சி" என்றார் லாரிக்காரர். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தபின் கடிகாரத்தைத் திருத்த மறந்தவன் நானே.

அன்று கற்ற பாடம் இது: பழைய காட்சிகளைப் படியெடுத்துவிட்டு, மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். உங்கள் மாடலுக்குரிய ஃபர்ம்வேரை மட்டும் அதில் ஏற்றுங்கள். இடையில் மின்சாரம் அறுந்தால் கருவியே முடங்கலாம். முடிந்ததும் தேதி, நேரம் திருத்தி, ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள்.

2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் கேட்கிறது. நாளே பிழையாயின் சாட்சி எங்ஙனம் நிற்கும்?